உடைந்த அலைச்சறுக்குப் பலகை எங்கே போகிறது?

பெரிய அலையில் மாட்டி இரண்டாக முறிந்த அலைச்சறுக்குப் பலகை ஒன்றைக் கையில் எடுத்து, முறிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் வெளிர்மஞ்சள் நுரை. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும். நுரையின் மத்தியில் ஒரு மெல்லிய மரச்சட்டம். வெளியே முட்டை ஓடு மாதிரி ஒரு பளபளப்பான தோல். அந்தத் தோல் கிழிந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் விரலில் முள்ளாகக் குத்தும். அது கண்ணாடி இழை. இத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது பிசின். இப்போது நுரையைத் தனியாக, இழையைத் தனியாக, பிசினைத் தனியாகப் பிரித்துத் தரச் சொன்னால் முடியாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹவாய்த் தீவுகளில் பழங்காலத்தில் பலகை என்றால் மரம்தான். கோவா, விலிவிலி போன்ற மரங்களில் செதுக்கினார்கள். கடலில் தொலைந்தாலும் என்றைக்காவது மக்கிவிடும். 1950களில் கலிஃபோர்னியாவில் பாலியூரித்தேன் நுரை வந்த பிறகு கதை மாறியது. இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் போதும்; வாயுக் குமிழிகள் கிளம்பி, கலவை பொங்கி, அப்படியே இறுகிவிடும். மரத்தைவிடப் பல மடங்கு இலேசு. அந்த இரண்டு திரவங்களில் ஒன்று டொலுயின் டைஐசோசயனேட். இதன் ஆவியைச் சுவாசித்தால் ஆஸ்துமாவே வரலாம். அமெரிக்கப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நுரை கொடுத்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம், 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று மூடப்பட்டது. உரிமையாளர் கார்டன் கிளார்க் வாடிக்கையாளர்களுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார், அவ்வளவுதான். சுற்றுச்சூழல் விதிகளின் நெருக்கடியையும் வழக்கு பயத்தையும் அதில் காரணமாகச் சொல்லியிருந்தார். பலகையாகச் செதுக்குவதற்கு முந்தைய நுரைக்கட்டையை ‘பிளாங்க்’ என்பார்கள்; அந்தத் திங்கட்கிழமையை இன்னும் ‘பிளாங்க் மண்டே’ என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, பிசினுக்கு வருவோம். பிளாஸ்டிக்கில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று மெழுகு மாதிரி. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கிய நூல் போலப் பின்னிக் கிடக்கின்றனவே தவிர, ஒன்றோடு ஒன்று கட்டப்படவில்லை. சூடு காட்டினால் நழுவும், உருகும், ஆறினால் இறுகும். மறுபடி வேறு பொருளாக வார்க்கலாம். இன்னொரு ரகத்தில் சங்கிலிக்குச் சங்கிலி வேதிப்பிணைப்பால் பூட்டுப் போட்டாகிவிட்டது. இறுகி முடித்த பிசின் ஓடு கிட்டத்தட்ட ஒரே ஒரு பிரம்மாண்ட மூலக்கூறு. சுட்ட மண் மறுபடி களிமண்ணாகுமா? அதே கதைதான். எவ்வளவு சூடாக்கினாலும் இது உருகாது, கருகத்தான் செய்யும். அலையின் அடியையும் உப்புநீரையும் தாங்கும் பலம் பலகைக்குக் கிடைப்பது இந்தப் பூட்டால்தான். மறுசுழற்சிக்கு எடுக்க முடியாமல் போவதும் இதே பூட்டால்தான்.

கிளார்க் மூடிய பிறகு பலர் வேறு நுரைக்குத் தாவினார்கள்: நமக்குத் தெரிந்த தெர்மாக்கோல். அது உருகும் ரகம். சுத்தமாகக் கிடைத்தால் மறுசுழற்சி செய்யலாம். ஆனால் பழைய பாலியெஸ்டர் பிசினை அதன் மேல் ஊற்றினால், கண்ணெதிரே நுரை குழிந்து கரைந்துவிடும். அந்தப் பிசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாக்கோலுக்கு நல்ல கரைப்பான். பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடியும் அதே ஸ்டைரீன்தான். அதனால் எபாக்சி பிசினுக்கு மாறினார்கள். நெடி குறைந்தது, பலகையும் இன்னும் உறுதியானது. ஆனால் எபாக்சியும் பூட்டு ரகம். உருகக்கூடிய நுரையை உருகாத ஓட்டுக்குள் அடைத்து வைத்தாயிற்று, அவ்வளவுதான் முன்னேற்றம்.

தாவர எண்ணெயிலிருந்து எடுத்த ‘பசுமை’ எபாக்சி என்று விளம்பரம் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள். கார்பன் செடியிலிருந்து வந்தால் எண்ணெய்க் கிணற்றின் பங்கு குறையும், நல்லதுதான். ஆனால் பூட்டிய பிறகு அந்தப் பிசினும் மக்காது. எதிலிருந்து செய்தார்கள் என்பது வேறு, கடைசியில் என்னவாகும் என்பது வேறு.

முறிந்த துண்டு கடலில் தங்கிவிட்டால் என்ன நடக்கும்? நுரை மிதக்கும். மிதப்பதால் வெயிலிலேயே கிடக்கும். புற ஊதாக் கதிர் மேற்பரப்பின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க, அது மஞ்சளாகி, மாவு போல் உதிர ஆரம்பிக்கும். அலை அதைத் தேய்த்துவிடும். உள்ளிருக்கும் புதுப் பரப்பு வெயிலுக்கு வரும். இப்படியே துண்டு துகளாகும், துகள் கண்ணுக்குத் தெரியாத அளவாகும். பொருள் காணாமல் போவதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது.

குளிர்கடலில் அணியும் வெட்சூட்டும் இதே கதைதான். 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், உடம்பு நனையாமல் இருக்க வேண்டியதில்லை, வெப்பம் வெளியேறாமல் இருந்தால் போதும் என்று கண்டுகொண்டார். அந்த வேலையைச் செய்பவை நியோபிரீன் ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். நியோபிரீனின் மூலப்பொருள் குளோரோபிரீன். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010இல் வகைப்படுத்தியது. லூசியானாவின் லாப்ளாஸ் ஊருக்கு அருகே அதைத் தயாரித்த ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் பல ஆண்டுகள் போராடியது இதற்காகத்தான். பெட்ரோலியம் வேண்டாம் என்று சுண்ணாம்புக்கல்லிலிருந்து செய்யும் நியோபிரீனும் உண்டு. சுண்ணாம்பையும் கரியையும் சுமார் 2000 டிகிரி மின் உலையில் வாட்டி, கார்பைடாக்கி, அசிட்டிலீன் எடுத்து, அப்புறம் போய்ச் சேர்வது அதே குளோரோபிரீனிடம்! இதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மரப்பாலில் செய்த இயற்கை ரப்பர் உடை உண்மையான மாற்று. குளோரோபிரீனே அதில் இல்லை. ஆனாலும் வல்கனைஸ் செய்து, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, பூட்டிய ரப்பர்தான் அதுவும்.

அளவையும் சொல்லிவிட வேண்டும். கடலில் சேரும் மொத்த பிளாஸ்டிக்கில் அலைச்சறுக்குக்காரர்களின் பங்கு மிகச் சிறியது. 2010ஆம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து 48 லட்சம் முதல் 1.27 கோடி டன் வரை கடலுக்குள் போனதாக ஒரு மதிப்பீடு உண்டு. கடலின் அழுக்கு இவர்கள் வயிற்றுக்குள் போவதுதான் அதிகம். சாதாரணமாக நீந்துபவரைவிடப் பத்து மடங்கு கடல்நீரை இவர்கள் விழுங்குகிறார்கள். பிரிட்டனில் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மல மாதிரிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட முடிவில், அலைச்சறுக்குபவர்களில் 9 சதவீதத்தினரின் குடலில் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. மற்றவர்களில் 3 சதவீதம்தான்.

பலகைக்குத் திரும்பினால், பூட்டைத் திறக்கும் சாவியும் தயாராகியிருக்கிறது. எபாக்சியை இறுக்கும் அமீன் மூலக்கூறின் நடுவிலேயே, அமிலத்தில் அறுபடும் ஒரு கண்ணியை முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். கடல்நீர் அமிலமல்ல என்பதால் அங்கே அந்தக் கண்ணி அசையாது. வேலை முடிந்த பலகையை வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் கண்ணி அறுந்து பிசின் கரையும், கண்ணாடி இழை துணியாகவே வெளியே வரும். கரைந்த பிசின் உருகும் ரகப் பிளாஸ்டிக்காகத் திரும்பக் கிடைக்கும். ஆனால் சாவியைப் பூட்டும்போதே உள்ளே வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே செய்து முடித்த பலகைகளில் அது இல்லை.