வளைந்த ஆர்மை நிமிர்த்தலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் 1991-ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. பள்ளத்தில் இறங்கியதில் முன் இடது சக்கரத்தின் லோயர் ஆர்ம் லேசாக வளைந்துவிட்டது. ‘பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன், அலைன்மென்ட்டும் சரியாக வந்துவிடும்’ என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?”

வேண்டாம். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியாக வரும் என்று அவர் சொல்வது உண்மைதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

இந்தக் காரில் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள், அதாவது சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் உலோகக் கைகள், பிடித்திருக்கின்றன. உள்முனையில் ரப்பர் புஷ் (குழாய்க்குள் ரப்பர் வைத்த மூட்டு), வெளிமுனையில் பால் ஜாயின்ட் (எப்பக்கமும் திரும்பும் பந்து மூட்டு). மேல் ஆர்ம் நீளம் குறைந்தது. அதனால் சக்கரம் எழும்பும்போது அதன் தலை உள்பக்கம் சாயும், வளைவுகளில் டயர் தரையை விடாது. கீழ் ஆர்மின் உள்முனை போல்ட்டுகளில் மையம் விலகிய வட்டத் தகடு ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் ஆர்ம் சில மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நகரும். ஆர்ம் வளைந்ததில் குறைந்த நீளத்தை இந்தத் தகடே ஈடுகட்டிவிடும். அலைன்மென்ட் திரையில் எல்லாம் பச்சை. ஆனால் உலோகத்துக்குள் என்ன நடந்தது என்று அந்தத் திரைக்குத் தெரியாது.

கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை நடுவில் மடக்குங்கள். இப்போது வெறும் விரலால் பழையபடி நேராக்கிப் பாருங்கள். நேராவதுபோல் வரும், ஆனால் மடக்கிய இடத்தில் ஒரு சின்னக் கூன் அப்படியே நிற்கும். அதற்கு இருபுறமும், அதுவரை நேராக இருந்த பகுதிதான் எதிர்ப்பக்கமாக வளைந்து கொடுத்திருக்கும். மடங்கிய இடம் மட்டும் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது?

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். உலோகம் நிரந்தரமாக வளைய வேண்டுமானால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்க வேண்டும். முழு அடுக்கும் ஒரே நேரத்தில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று இயற்பியலாளர் ஃபிரெங்கெல் 1926-இல் கணக்குப் போட்டார். பூதாகரமான விடை வந்தது. தூய உலோகப் படிகங்களோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே விட்டுக்கொடுத்தன.

1934-இல் டெய்லர், ஓரோவான், போலன்யி என்ற விஞ்ஞானிகள் மூவரும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். பெரிய ஜமுக்காளம் ஒன்றை ஒரு சாண் நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். முழுதாக இழுத்தால் முதுகு போகும். ஓர் ஓரத்தில் சின்ன மடிப்பு எழுப்பி, அதை மறு ஓரம்வரை தள்ளிக்கொண்டே போனால் ஜமுக்காளம் தானாக நகர்ந்திருக்கும். உலோகத்திலும் அணு அடுக்கில் பாதியில் நின்றுபோன வரிசைகள் உண்டு. அவைதான் அந்த மடிப்புகள். டிஸ்லொகேஷன் என்று பெயர். மடிப்பு ஓர் அணு தூரம் நகர ஒரு வரிசைப் பிணைப்புகள் மட்டும் அறுந்து சேர்ந்தால் போதும். 1956-இல் கேம்பிரிட்ஜில் மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள் இவை ஊர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள். கணக்கில் மட்டும் இருந்த ஒன்று இருபத்திரண்டு வருடம் கழித்து நகர்ந்து காட்டியது! எனக்கு இதை எத்தனை முறை நினைத்தாலும் அலுப்பதில்லை.

வளைக்க வளைக்க இந்த மடிப்புகள் பெருகும். ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சிக்குப்பிடித்த நூல்கண்டு போலாகும். நன்றாக அடிவாங்கிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள், அதாவது சுண்டுவிரல் நுனி அளவுக்குள், இருக்கும் டிஸ்லொகேஷன் கோடுகளை முனையோடு முனை சேர்த்தால் 10 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். நிலவுக்குப் போய்த் திரும்பி மிச்சமும் இருக்கும். சிக்கல் விழுந்த பிறகு மடிப்பு நகராது, உலோகம் இறுகிவிடும். கம்பியின் கூன் அதுதான்.

இந்த விடையைத் தேடித் துத்தநாகப் படிகத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்களிடம் அன்றைக்கு “இதனால் யாருக்கு என்ன லாபம்?” என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால்? இன்றைக்கும் நிதி கேட்பவரிடம் முதலில் கேட்கப்படுவது அந்தக் கேள்விதான். எனக்கு அது எரிச்சல்.

பிரஸ்ஸுக்கு வருவோம். அதில் வைத்து அழுத்தினால் இறுகிய இடம் முழுதாகத் திரும்பாது, பக்கத்து இடம் விட்டுக்கொடுக்கும். இறுகிய உலோகத்துக்கு இனி வளைந்து கொடுக்கும் தாராளமும் குறைவு. ரோடு போடும் ஒவ்வொரு குலுக்கலிலும் விரிசல் தொடங்க அது தோதான இடம். கீழே விழுந்து வளைந்த என் சைக்கிளின் அலுமினிய பிரேக் லீவரை நான் மெதுவாகத்தான் நிமிர்த்தினேன். சத்தமே இல்லாமல் கையோடு வந்தது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. வண்டி நின்றிருந்ததால் பிழைத்தேன்.

“சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் பழைய பலம் வந்துவிடும்” என்பது பட்டறை மூடநம்பிக்கை. காய்ச்சினால் சிக்கல் அவிழும், சரிதான்; கூடவே உருட்டியும் பதப்படுத்தியும் ஏற்றிய பலமும் போய்விடும். புஷ் ரப்பர் கருகுவது தனிக் கணக்கு.

ஆகவே வேறு ஆர்ம் மாற்றுங்கள். பழையது வாங்கினால் வலப்பக்க ஆர்மோடு அளந்து ஒப்பிட்டு, பெயிண்ட் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கம் இருந்தால் அதுவும் அடிபட்டதுதான். டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), பால் ஜாயின்ட், ஆர்ம் மாட்டும் சட்டம் மூன்றையும் சோதிக்காமல் விடாதீர்கள்.

ஒன்று மட்டும் மெக்கானிக் பக்கத்தில் நின்று பாருங்கள். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் அசையும்போது அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியை இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அலைன்மென்ட் அதற்குப் பிறகு.