கீழ் அம்புக்குறி எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது

கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் ஒரு வரி கீழே இறங்க வேண்டும். ஓர் உரைத்தொகுப்பானில் இதைவிட எளிய வேலை இல்லை என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பானில் அந்த ஒரு வரி இறக்கத்துக்குப் பின்னால் நடப்பவற்றைப் படித்த பிறகு, கர்சர் தடம் மாறும்போது தொகுப்பானைப் பழுது என்று சொல்வதை விட்டுவிட்டேன். கர்சர் கட்டளைகள் தமக்கு முன்பு நடந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கை நாம் அறியாமல் கலைத்துவிடும்போதுதான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன.

ஈமேக்ஸ் 1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற தொகுப்பானின் மேக்ரோக்களாக, அதாவது சேமித்துவைத்த கட்டளைத் தொடர்களாகத் தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய குனூ ஈமேக்ஸ் 1985இல் வெளியானது. அதில் எந்த விசைக்கும் நிலையான பொருள் கிடையாது. விசையை அழுத்தியதும், இயங்கிக்கொண்டிருக்கும் மைனர் மோடுகளின் (விரும்பிச் சேர்க்கும் கூடுதல் வசதிகளின்) விசைப்பட்டியல், பிறகு மேஜர் மோடின் (கோப்பின் வகைக்கேற்ற அடிப்படை அமைப்பின்) பட்டியல், கடைசியாகப் பொதுப் பட்டியல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும், லிஸ்ப் என்ற நிரல்மொழியின் கட்டளையை அது இயக்குகிறது. ஆகவே கர்சர் முரண்டு பிடித்தால், கன்ட்ரோல்-ஹெச் அழுத்தி, அடுத்து கே அழுத்தி, பிறகு ஐயத்துக்குரிய விசையை அழுத்திப் பார்ப்பதே முதல் வேலை. வரி இறக்கும் கட்டளையான நெக்ஸ்ட்-லைன் என்ற பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு பெயர் வந்தால், ஏதோ ஒரு மோடு அந்த விசையைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது என்று பொருள்.

சரியான பெயரே வந்தும் கர்சர் தவறினால்தான் விஷயம் சுவையாகிறது. நாற்பதாவது எழுத்தில் கர்சர் நிற்கிறது. அடுத்த வரியில் ஐந்தே எழுத்துகள். அதற்கடுத்த வரி மறுபடி நீளமானது. கீழே இறங்கினால் கர்சர் குறுகிய வரியின் முடிவில் நிற்கும். இன்னொரு முறை இறங்கினால் மீண்டும் நாற்பதுக்கே போய்விடும். இலக்கு இடத்தை நெக்ஸ்ட்-லைன் ஒரு மாறியில் சேமித்து வைத்திருப்பதால்தான் இது முடிகிறது. ஆனால் அந்த நினைவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: இதற்கு முன் இயங்கிய கட்டளையும் நெக்ஸ்ட்-லைன் அல்லது ப்ரீவியஸ்-லைனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய இலக்கு கைவிடப்பட்டு, கர்சர் இப்போது நிற்கும் இடமே புதிய இலக்காகிவிடும்.

வரி இறங்கியதும் திரையை நடுப்படுத்துவதற்காக, நெக்ஸ்ட்-லைனை உள்ளே அழைக்கும் சிறிய கட்டளை ஒன்றை நான் எழுதினேன். அதன் பிறகு குறுகிய வரியைத் தாண்டும்போதெல்லாம் கர்சர் இடதுபக்கமே தங்கிவிட்டது. காரணம் மேலே சொன்ன நிபந்தனைதான்: முந்தைய கட்டளையின் பெயராகப் பதிவாகியிருந்தது நெக்ஸ்ட்-லைன் அல்ல, நான் சூட்டிய பெயர். என் கட்டளைக்குள், இப்போது இயங்கும் கட்டளை எது என்பதைச் சொல்லும் திஸ்-கமாண்ட் மாறிக்கு நெக்ஸ்ட்-லைன் என்ற மதிப்பைக் கொடுத்த ஒரே வரியில் எல்லாம் சீரானது.

வரி என்ற சொல்லே இன்னொரு குழப்பத்துக்கு இடம் தருகிறது. 2009இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து, கர்சர் இயல்பாகவே திரையில் தெரியும் வரிகளின்படி இறங்குகிறது. எண்பது எழுத்து அகலமுள்ள சாளரத்தில் இருநூறு எழுத்து வரி மூன்றாக மடிந்திருந்தால், ஒரு முறை இறங்கியும் அதே வரிக்குள்தான் இருப்போம். கண்ணால் பார்த்து நகர்பவருக்கு இது வசதி. விசை அழுத்தங்களைப் பதிவுசெய்து மீண்டும் இயக்கும் விசைமேக்ரோவுக்கோ ஆபத்து, ஏனெனில் சாளரத்தின் அகலம் மாறினால் மேக்ரோ திருத்தும் இடமும் மாறிவிடும். லைன்-மூவ்-விஷுவல் மாறியை ‘நில்’ (nil, லிஸ்பில் ‘இல்லை’ என்ற மதிப்பு) ஆக்கினால் கோப்பில் உள்ள வரிகளின்படியே நகரும். லிஸ்ப் நிரலுக்குள் நெக்ஸ்ட்-லைனுக்குப் பதில், கோப்பின் வரிகளின்படி நகரும் ஃபார்வர்ட்-லைனைப் பயன்படுத்தச் சொல்வதற்கும் இத்தகைய சார்புகளே காரணம்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் காண்பார்கள். ‘கொ’ என்பது கணினிக்கு ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஒரு கட்டளை கர்சரை அவற்றுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினாலும், கட்டளை முடிந்ததும் ஈமேக்ஸ் அதை எழுத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. பேக்ஸ்பேஸோ ஒகரக் குறியை மட்டும் அழித்து ககரத்தை விட்டுவைக்கும். இரண்டும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவையே.

இத்தனைக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லையென்றால், -க்யூ (-Q) தெரிவுடன் ஈமேக்ஸைத் திறந்து, சொந்த அமைப்புகள் எதுவும் இல்லாமல் அதே விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே கர்சர் ஒழுங்காக நகர்ந்தால், அமைப்புக் கோப்பைப் பாதி பாதியாக நீக்கித் தேடலாம். அப்படித் தேடும்போது, ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு இயங்கும் போஸ்ட்-கமாண்ட்-ஹூக் என்ற செயற்கூறுப் பட்டியலில் யாராவது கர்சரை நகர்த்துகிறார்களா என்று முதலில் பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ள செயற்கூறு ஒன்று பிழையில் முடிந்தால், ஈமேக்ஸ் அதைப் பட்டியலிலிருந்து தானே நீக்கிவிடும். ஒரு முறை தலைகாட்டிவிட்டு, சோதிக்கப் போகும்போது காணாமல் போகும் கோளாறுகள் சில இப்படித்தான் உண்டாகின்றன.