எலியைக் கொண்டு வரும்போது கிண்ணத்தையும் கொண்டு வாருங்கள்

போன சனிக்கிழமை சாயந்திரம் சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் தன் அம்மாயியோடு (அம்மாவின் அம்மா) என் கால்நடை மருத்துவமனைக்கு வந்திருந்தார். கூடைக்குள் வீட்டில் வளர்க்கிற ஒரு ஆண் எலி, வயது ஒன்றரை. தராசில் வைத்தால் 740 கிராம். அந்த எலும்புக்கட்டுக்கு 500 கிராமே தாராளம். பின்னங்கால் இரண்டும் அடியில் சிவந்து தடித்திருந்தன. இடது காலில் புண் உடைந்துவிட்டது. ஊன்றினால் வலிக்கிறது என்று நகராமல் கிடந்திருக்கிறது, நகராததால் இன்னும் பெருத்திருக்கிறது. இப்படி இந்த மாதத்தில் மட்டும் எனக்கு வந்த நான்காவது எலி இது. நான்கு வீட்டிலும் பதிலும் ஒன்றுதான்: "நல்ல சாப்பாடுதான் டாக்டர் போடறோம். எலிக்குன்னே கடையில விக்கிற பாக்கெட்டுங்க."

அந்தப் பாக்கெட்டால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலைக் கட்டி அனுப்பும்போது, மறுநாள் வருகையில் எலியின் சாப்பாட்டுக் கிண்ணத்தை உள்ளே இருப்பதைக் கொட்டாமல் அப்படியே எடுத்து வரச் சொன்னேன். எடுத்து வந்தார்கள். மேசையில் பேப்பரை விரித்துக் கவிழ்த்தேன். மேலே முழுக்கச் சூரியகாந்தி விதைத் தோல். அதற்குக் கீழே நிலக்கடலைத் தொலி. அதற்கும் கீழே பச்சையும் பழுப்புமாக உருளைத் துண்டுகள், ஒன்றில்கூடப் பல் பட்ட அடையாளம் இல்லை. அடியில் கிடந்தவை நூலாம்படை கட்டி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பூச்சி வைத்துப் பல நாளாகியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "தினமும் குறையுது டாக்டர், அதனாலதான் மேல மேல போட்டேன்" என்றார்.

குறைந்தது விதை மட்டும்தான். அந்தப் பாக்கெட்டில் வைட்டமின், தாது, புரதம் என்று அளந்து சேர்த்திருந்ததெல்லாம் அந்தப் பச்சை, பழுப்புத் துண்டுகளில் இருந்தது. அதை எலி தொடவே இல்லை. பாக்கெட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் சத்துக் கணக்கு, உள்ளே இருக்கும் அத்தனையையும் ஒன்றாக அரைத்துச் சாப்பிட்டால் கிடைக்கிற கணக்கு. எந்த எலியும் அப்படிச் சாப்பிடாது. சூரியகாந்திப் பருப்பில் பாதி எண்ணெய். 10 கிராம் பருப்பு தின்றாலே ஏறக்குறைய 60 கலோரி. வளர்ந்த நடுத்தர எலிக்கு ஒரு நாளைக்குத் தேவையானதே அவ்வளவுதான். ஆக, அந்த எலி ஒன்றரை வருடமாக வயிறு நிறையக் கொழுப்பைத் தின்றுகொண்டு, கால்சியத்துக்கும் மற்ற சத்துகளுக்கும் பட்டினி கிடந்திருக்கிறது.

அம்மாயிக்கு இது பிடிபடவில்லை. "எலிதானுங்க சாமி, எதைப் போட்டாலும் திங்கும். நாங்கெல்லாம் அந்தக் காலத்துல பொறியில மசால் வடை வெச்சாப் போதும், ஓடி வந்துரும்" என்றார். வீட்டில் வடை சுட்டால் இதற்கும் ஒன்று உண்டாம். அன்பாகத்தான் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 'எலி எதையும் தின்னும்' என்ற இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொறியில் வைக்கிற வடை எலியை வரவழைக்க, வளர்க்க அல்ல. எண்ணெயில் பொரிந்த வாசனை தூரத்துக்கு எட்டும் என்பதால் வைத்தார்கள். எலி வடையைத் தேடி வருகிறது என்பது அதன் மூக்கைப் பற்றிய செய்தி. அதன் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் எது ஏற்றது என்பதை அது சொல்லவில்லை. சாக்கடையிலும் வயலிலும் திரிகிற எலி ராத்திரி முழுக்க ஓடுகிறது. பத்து இடத்தில் பத்து விதமாகக் கொறிக்கிறது. எண்ணெய்ப் பண்டம் என்றைக்கோ ஒருநாள் அகப்படும், அகப்பட்டதும் விழுந்தடித்துத் தின்னும், ஏனென்றால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. சிறுநீரகம் கெட்டுப்போகிற வயதையே அவை பார்ப்பதில்லை. உங்கள் வீட்டுக் கூண்டில் இருப்பது இரண்டு, மூன்று வருடம் வாழ வேண்டிய உயிர். நான்கு கம்பிச் சுவருக்குள், நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. ஆனால் அதன் நாக்கு மட்டும் வயல் எலியின் நாக்கு. கொழுப்பும் இனிப்பும் கண்ணில் பட்டால் முதலில் அதைத்தான் எடுக்கும். எதையும் தின்ன முடிகிற பிராணி என்பதால்தான் அது பொறுக்கித் தின்கிறது. மாடாக இருந்தால் இவ்வளவு பொறுக்காது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. எது சத்து, எது சத்தில்லை என்று மனிதனுக்குக் கற்றுக்கொடுத்ததே எலிதான். 1913-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெக்காலம், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கு வேறு வேறு கொழுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பன்றிக்கொழுப்பு தின்றவை வளர்ச்சி நின்றுபோயின, வெண்ணெய்க் கொழுப்பு தின்றவை வளர்ந்தன. இன்று வைட்டமின் ஏ என்று சொல்வது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1935-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்ற ஆய்வாளர், சத்துக் குறையாமல் கலோரியை மட்டும் குறைத்துக் கொடுத்த எலிகள் மற்றவற்றைவிட வெகுகாலம் வாழ்ந்ததைக் காட்டினார். எலிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது உலகத்தில் மிக நன்றாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று. அது நம் ஊர்க் கூண்டு வரைக்கும் வந்து சேரவில்லை.

சரி, எதை வாங்குவது?

ஒரே மாதிரியான பெல்லட், அதாவது எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து அழுத்திச் செய்த தீவனத் துண்டு. பார்த்தால் அழகாகவே இருக்காது, பழுப்பு நிறத்தில் மரக்கட்டைத் துண்டு போல இருக்கும். அதுதான் வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எல்லாச் சத்தும் ஒரே அளவில் இருப்பதால் எலியால் பொறுக்க முடியாது. வளர்ந்த எலிக்குப் புரதம் 14 முதல் 16 சதவீதம், கொழுப்பு 4 முதல் 6 சதவீதம் போதும். ஆராய்ச்சிக்கூட எலிகளுக்கு 1993-ல் அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர்கள் வகுத்த உணவுக் கலவையிலும், வளர்கிற எலிக்கு ஒன்று, வளர்ந்த எலிக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் வைத்தார்கள். வளர்ந்ததற்குப் பால்புரதம் 14 சதவீதம், குட்டிக்கு 20. இங்கே கிடைக்கிற ஆய்வுக்கூடப் பெல்லட் சில, குட்டி போடுகிற எலிகளுக்காகச் செய்தவை. புரதம் 20-க்கு மேல் இருக்கும். மூன்று நான்கு மாதம் வரை அது நல்லது. ஆறு மாதம் தாண்டிய எலிக்கு, அதுவும் ஆணுக்கு, வேண்டாம். வயதான ஆண் எலிகளுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடுவது சாதாரணம். கூடுதல் புரதமும் கூடுதல் கலோரியும் அதை வேகப்படுத்தும். நாய் பிஸ்கட்டையும் நாய்த் தீவனத்தையும் தினச் சாப்பாடாக வைக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

பாக்கெட்டில் பொருட்களின் பெயர் வரிசையில் முதலில் முழுதானியம் இருக்க வேண்டும். சர்க்கரை, வெல்லப்பாகு, கலர் என்று வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தயாரித்த தேதி ஆறு மாதத்துக்கு உள்ளே இருக்கட்டும், வைட்டமின் நாள்பட நாள்படக் குறையும். முயல் தீவனம் புல் தின்கிற பிராணிக்குச் செய்தது, எலிக்கு உதவாது. கினிப் பன்றித் தீவனமும் அப்படித்தான். அதில் விலையை ஏற்றுகிற வைட்டமின் சி எலிக்குத் தேவையே இல்லை, அதன் உடம்பே தயாரித்துக்கொள்ளும்.

அளவு: நாளைக்கு 15 முதல் 20 கிராம். சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள். சாயந்திரம் போடுங்கள், எலி ராத்திரியில்தான் விழித்திருக்கும். கிண்ணத்தில் குவிக்காமல் கூண்டுக்குள் அங்கங்கே இறைத்துவிட்டால் தேடி அலையும், அதுவே அதற்கு நடைப்பயிற்சி. முந்தின நாள் போட்டது தீராமல் புதிதாகப் போடாதீர்கள். இதைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். வாரம் ஒருமுறை எலியை நிறுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குண்டான எலிக்கு வாரம் 10 கிராம் குறைந்தால் போதும், பட்டினி போட்டு அவசரப்படுத்த வேண்டாம்.

பழைய சாப்பாட்டிலிருந்து பெல்லட்டுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது. விஷமாக இருந்தால் வெளியேற்ற வழியில்லாத பிராணி என்பதால் புதுச் சாப்பாட்டைப் பார்த்தால் பயப்படும், ஓரமாக ஒரு துளி கடித்துவிட்டு விட்டுவிடும். "சாப்பிட மாட்டேங்குது டாக்டர்" என்று இரண்டாம் நாளே ஃபோன் வருகிறது. பத்து, பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். இரண்டு எலி இருந்தால் வேலை சுலபம். ஒன்று தின்றுவிட்டு வந்தால் மற்றது அதன் வாயை முகர்ந்து பார்க்கும், அப்புறம் தானும் போய்த் தின்னும். இதை நான் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெல்லட்டோடு தினம் ஒரு ஸ்பூன் அளவுக்குப் புதுப் பொருள் கொடுக்கலாம். முருங்கைக்கீரை, கேரட், வெள்ளரி, வேகவைத்த கொண்டைக்கடலை இரண்டு, வாரத்தில் இரண்டு நாள் வெந்த முட்டையில் கட்டைவிரல் நகம் அளவு. கம்பு, ராகி, மலையில் விளைகிற சாமை, தினை இவற்றை வேகவைத்துக் கொஞ்சம் வைக்கலாம். மாம்பழச் சதை ஒரு சிறு துண்டு, சீசனில் எப்போதாவது. ஆனால் வெறும் வீட்டுச் சமையலை மட்டுமே வைத்து எலியை வளர்க்கப் பார்க்காதீர்கள். தாமிரமும் வைட்டமின் டி-யும் சரியான அளவில் கிடைக்கும்படி வீட்டில் சமைப்பது லேசான வேலை இல்லை.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கை உண்டு. ஜவ்வரிசி மில் வைத்திருக்கும் ஒருவர், வெள்ளையாகச் சுத்தமாக இருக்கிறதே என்று இரண்டு எலிகளுக்கும் ஜவ்வரிசியே வேகவைத்துப் போட்டு வந்தார். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, புரதம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. இரண்டும் முடி உதிர்ந்து, முதுகெலும்பு தெரிய வந்து சேர்ந்தன. பச்சைக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அதைவிட மோசம். அதிலும், குறிப்பாக அதன் தோலிலும், சயனைடு உண்டாக்குகிற பொருள் இருக்கிறது. நன்றாக வெந்த கிழங்கில் ஒரு துண்டு பரவாயில்லை, பச்சையாகக் கொறிக்கக் கொடுக்கவே கூடாது. ஏற்காட்டு ஆரஞ்சு வாங்கினால் தோலைக் கூண்டுக்குள் போடாதீர்கள். தோலின் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் என்ற பொருள் ஆண் எலியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆண் எலியின் ஈரல் மட்டும் உண்டாக்குகிற ஒரு புரதத்தோடு அது சேர்ந்து சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது. பெண் எலிக்கோ மனிதனுக்கோ இந்தத் தொல்லை இல்லை. வேகாத ராஜ்மா, வேகாத மொச்சை, பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, சாக்லேட் எதுவும் வேண்டாம். தட்டுவடை செட், மிக்சர், முறுக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் போன மாதம்கூட ஒருவர் கேட்டார். வேண்டாம்.

நிலக்கடலைக்கு ஒரு வார்த்தை. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு சேரும். 1960-ல் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன, அப்போதுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது. எலியின் ஈரலில் இது புற்றுநோய் உண்டாக்கும். மூட்டையின் அடியில் கிடந்த கடலையை 'எலிக்குத்தானே' என்று எடுத்துப் போடுவது அதனால்தான் எனக்குப் பொறுப்பதில்லை. ஏற்காட்டில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலையில் பனியும் மழையுமாக இருக்கிற மாதங்களில் பிரித்த பாக்கெட் நமுத்துப் போகும். எவர்சில்வர் டப்பாவில் இறுக்கமாக மூடி வையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் ஆகிற அளவு வாங்காதீர்கள். சேலத்து வெயிலில் பிரச்சினை வேறு. ஏப்ரல், மே மாதத்தில் எலி குறைவாகத்தான் தின்னும். எலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வாலின் வழியாகவும் சூட்டை வெளியேற்றும். தின்னவில்லையே என்று கொழுப்பான பண்டத்தைக் காட்டி ஆசை காட்டாதீர்கள். தண்ணீரைக் காலை, மாலை மாற்றுங்கள், வெள்ளரித் துண்டு வையுங்கள்.

அப்புறம், கண்ணோரத்தில் சிவப்பாக வடிந்தால் 'கடலை சூடு' என்று சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். அது ரத்தமும் அல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வருகிற சிவப்பு நீர், மன அழுத்தத்திலும் மூச்சுக்குழல் நோயிலும் அதிகமாக வடியும். கழுத்தில் சொறிந்து பொருக்குத் தட்டினால் 'புரதம் ஜாஸ்தி' என்று முட்டையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வருகிறார்கள். சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் பேன் அல்லது நுண்ணிய பூச்சிதான் இருக்கும்.

பெண் எலி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை நிறுக்கும்போதே வயிற்றிலும் அக்குளிலும் விரலால் தடவிப் பாருங்கள். மார்க்கட்டி பெண் எலிகளில் மிகச் சாதாரணம், பருத்த எலிகளில் இன்னும் அதிகம். பட்டாணி அளவில் கொண்டு வந்தால் என்னால் எடுக்க முடியும். எலுமிச்சை அளவானபின் வருகிறார்கள், அப்போது மயக்க மருந்து கொடுக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த அம்மாபேட்டை எலிக்கு நேற்றும் கட்டு மாற்றினேன். 728 கிராம். புண்ணின் ஓரம் காயத் தொடங்கியிருக்கிறது. அம்மாயி வடையை நிறுத்திவிட்டு, சாயந்திரமானால் வெந்த கொண்டைக்கடலை இரண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறாராம். "கையில இருந்தே எடுத்துக்குது சாமி" என்றார். நீங்களும் வரும்போது எலியோடு கிண்ணத்தையும் கொண்டு வாருங்கள். கழுவ வேண்டாம், மிச்சத்தைக் கொட்டவும் வேண்டாம். அப்படியே ஒரு துணியில் கட்டி எடுத்து வாருங்கள்.