இன்போர்டை இறக்கி அவுட்போர்டு மாட்டுமுன்: நாட்டுப்படகு வைத்திருப்போர் கவனத்திற்கு

பழைய ஃபைபர் வள்ளத்தின் படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சினை (இன்போர்டு) இறக்கிவிட்டு, பின்னால் வெளியே தொங்கும் மண்ணெண்ணெய் எஞ்சினை (அவுட்போர்டு) மாட்டுவது மெக்கானிக்குக்குச் சில நாள் வேலைதான்; அந்த மாற்றத்தைப் படகின் பதிவுச் சான்றில் ஏற்றுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கிறது. எனக்குத் தெரிந்த வள்ளக்காரர் ஒருவர் எஞ்சினை மாற்றிவிட்டு, அதன் பிறகே மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனார். படகில் டீசல் எஞ்சின் இல்லை என்று வரிவிலக்கு டீசலை நிறுத்தினார்கள். சான்றில் அவுட்போர்டு இல்லை என்று மானிய மண்ணெண்ணெயும் தரவில்லை. அந்தப் பருவம் முழுவதும் பங்க்கில் பெட்ரோல் வாங்கி ஊற்றித்தான் அவர் தொழிலுக்குப் போனார்.

தமிழ்நாட்டில் எரிபொருள் சலுகை எஞ்சினைப் பொறுத்தது என்பதே இதற்குக் காரணம். 2023-இல் அறிவிக்கப்பட்ட உயர்வின்படி, ஆண்டுக்கு இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு வரிவிலக்கு டீசல் 4,400 லிட்டர், மானிய மண்ணெண்ணெய் 3,700 லிட்டர் என்பது அளவு. எது கிடைக்கும் என்பதைச் சான்றில் எழுதியுள்ள எஞ்சின் வகைதான் தீர்மானிக்கிறது. ஆகவே மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எஞ்சின் மாற்றத்துக்கான மனுவை முதலில் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகையை வாங்கிய பிறகே பழைய எஞ்சினில் கை வையுங்கள். "நாளைக்கு வாங்க" என்ற வாய்வார்த்தை ஒப்புகை ஆகாது.

எஞ்சின் வாங்க 40 சதவீத மானியம் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மானியத்துக்கு 48,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. கடைக்காரர் சொல்லும் விலையில் 40 சதவீதம் வரும் என்று கணக்குப் போட்டு வட்டிக்கு வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். அனுமதி ஆணைக்கு முந்தைய தேதியில் ரசீது இருந்தால் மானியம் கைக்கு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த மானியத் திட்டத்தின் பெயரில் "இயந்திரமயமாக்கல்" என்று இருப்பதால், ஏற்கெனவே எஞ்சின் உள்ள படகுக்கு இது பொருந்தாது என்று மனுவைத் திருப்பும் மேசைகளும் உண்டு. அப்படிச் சொன்னால் வாதாட வேண்டாம். எந்த அரசாணையின் எந்தப் பத்தி என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல நிராகரிப்புகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சிக்கல் பெயர். சான்று இறந்துபோன தந்தையின் பெயரிலும், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை மகன் பெயரிலும் இருந்தால், எஞ்சின் மாற்றத்தை யாரும் தொடவே மாட்டார்கள். வாரிசுச் சான்று பெற்றுப் படகை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய படகுக்கும் இதுவே வழி.

ஆய்வாளர் படகைப் பார்க்க வரும்போது பழைய எஞ்சினின் எண் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். உப்புக்காற்றில் பத்தாண்டு கிடந்த எண் தகட்டில் பாதி எழுத்து தின்னப்பட்டிருக்கும்; டீசலில் நனைத்த துணியால் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தெரியும். எஞ்சின் படகில் இருக்கும்போதே அந்தத் தாளையும் புகைப்படத்தையும் எடுத்து வையுங்கள். இரும்புக்கடைக்குப் போட்ட எஞ்சினைப் "பார்க்க வேண்டும்" என்று பிறகு கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆய்வு முடியும்வரை அதை விற்கவும் வேண்டாம்.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனை மட்டும் பார்க்கிறார்கள். அவுட்போர்டை மாட்டும் பின்பலகையின் உயரத்தை யாரும் அளப்பதில்லை. அவுட்போர்டின் தண்டு 15 அங்குலக் குட்டையாகவும் 20 அங்குல நெட்டையாகவும் வருகிறது. உயரமான பலகையில் குட்டைத் தண்டை மாட்டினால் அலையில் படகைத் தள்ளும் விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். நடுவில் இருந்த கனமான எஞ்சின் போய்ப் பின்னால் பாரம் ஏறுவதால் பலகைக்கு உள்முட்டு கொடுக்க வேண்டும். பழைய விசிறித் தண்டு போன துளையை மெழுகி விடாமல் ஃபைபர் விரிப்பும் பிசினும் வைத்து அடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினும் பெட்ரோலில்தான் கிளம்பும்; அந்தப் பெட்ரோல் உங்கள் கைக்காசு.

மனு அசையவில்லையென்றால் ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் ஒப்புகை நகலுடன் மறுமனு கொடுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் கோப்பு இன்று யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.