நோன்பு முறிதல்: 'செல்லாததாக்குதல்' எங்கிருந்து வந்தது?

புதுச்சேரியில் ஒரு மருந்துக் கடையில் உம்மாவுக்கு இன்சுலின் வாங்க நின்றபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். ரமலானில் சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியவை. நாலாவது வரி: 'இன்சுலின் ஊசி நோன்பைச் செல்லாததாக்காது.' சட்டம் சரிதான். உணவாக உடம்பில் சேராத ஊசியால் நோன்புக்குக் கேடில்லை என்பதே இன்றைய ஆலிம்களில், அதாவது மார்க்க அறிஞர்களில், பெரும்பாலோர் கருத்து. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, "அப்ப முறியுமா முறியாதா, அதைச் சொல்லு வாப்பா" என்றார்.

உம்மா கேட்டதுதான் சொல். இந்த 'செல்லாததாக்கும்' என்பதை இந்த வருஷம் மட்டும் நாலைந்து இடங்களில் பார்த்துவிட்டேன்.

நோன்பு பழைய தமிழ்ச் சொல். நோன்றல் என்றால் பொறுத்தல். 'உற்றநோய் நோன்றல்' என்று வள்ளுவர் தவத்துக்கு உருவம் சொன்னது இந்த வேரில்தான். அரபியின் ஸவ்ம் என்பதற்கும் தன்னைத் தடுத்துக்கொள்ளுதல் என்றே பொருள். நோன்பைக் கெடுப்பவற்றை கிதாபுகளில், அதாவது மார்க்க நூல்களில், முஃப்திராத் என்றும் முப்திலாத் என்றும் எழுதுவார்கள். தமிழ் முஸ்லிம்கள் இரண்டுக்கும் சேர்த்து 'முறிப்பவை' என்றார்கள். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளுவுக்கும் அதே வினை: தூங்கினால் ஒளு முறியும்.

செல்லாது என்பது ரூபாய் நோட்டுக்கும் ஓட்டுச் சீட்டுக்கும் பத்திரத்துக்கும் உரிய பேச்சு. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். நோட்டு கிழியவில்லை, அது முழுசாகத்தான் இருந்தது. வேறொருவர் ஏற்க மறுத்தார். நோன்பு அப்படியா? விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டிலிருந்து முழுசாக வந்துகொண்டிருக்கும் ஒன்று, கிளை மாதிரி நடுவில் ஒடிகிறது. அதுவும் பிடித்திருப்பவரிடமே ஒடிகிறது. invalidate என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி முதலில் கிடைத்த பொருளை எடுத்து, பின்னால் 'ஆக்கும்' ஒட்டிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது!

தொடக்கத்திலேயே நிறைவேறாத நோன்புக்கும் நம்மிடம் சொல் உண்டு: 'கூடாது'. ஷாஃபி மத்ஹபில், அதாவது அந்தச் சட்டப் பள்ளியில், ரமலான் நோன்புக்கு ஃபஜ்ர் என்ற விடியலுக்கு முன்பே இரவில் நிய்யத், அதாவது மன உறுதி, வைக்காவிட்டால் நோன்பு கூடாது. ஹனஃபி மத்ஹபில் நண்பகலுக்கு முன்பு வரை வைத்தாலும் கூடும். பரங்கிப்பேட்டையில் தெருப் பிள்ளைகூட கூடும், கூடாது, முறியும் மூன்றையும் குழப்பாது. அந்தத் தாள் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது.

அப்புறம், முறி என்பதில் இன்னொரு வசதி. தானாக முறிவதும் நாமாக முறிப்பதும் ஒரே வேரில் அடங்கும். மாதவிலக்கு வந்தால் நோன்பு முறிகிறது; குற்றமில்லை, பிறகு களா செய்தால், அதாவது விட்டதை வேறொரு நாளில் பிடித்தால், போதும். நோன்பு என்று தெரிந்தே தண்ணீர் குடித்தவன் முறிக்கிறான். வாந்தி தானே வந்தால் முறியாது, விரலை விட்டு எடுத்தால் முறியும். நோன்பு என்பதையே மறந்து ஒரு தட்டு சோறு தின்றவனுக்கு முறியவே இல்லை, அல்லாஹ் ஊட்டினான் என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. உமிழ்நீரை விழுங்கினாலும் குளித்தாலும் முறியாது. உம்மா அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சியில் கரண்டி நுனியை விட்டு, நாக்கில் ஒரு சொட்டு வைத்து உப்புப் பார்த்து, உடனே துப்பிவிடுவார். சின்ன வயதில் மிரண்டு கேட்டேன். "தொண்டைக்குள்ள எறங்கினாத்தான்டா முறியும்." சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. பொழுது சாய்ந்து பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் வைப்பதை 'நோன்பு முறித்தார்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது நோன்பு திறத்தல். முறித்தார் என்றால் பகலில் சாப்பிட்டுவிட்டார் என்று பொருள். அழைப்பு கொடுத்து வரவழைத்த பிரமுகர் தலையில் இந்தப் பழியா? அரபியில் நோன்பு திறத்தலைச் சொல்லும் இஃப்தாரும் முஃப்திராத்தும் ஒரே வேர், பிளத்தல் என்ற பொருள். நம்மவர்கள் அதைப் பிரித்து, மாலையில் நடப்பதைத் திறத்தல் என்றும் பகலில் கெடுவதை முறிதல் என்றும் வைத்தார்கள். அரபியைவிட ஒரு படி தெளிவு என்பேன்.

இன்னும் சில செய்தித்தாள்களில் 'நோன்பு துறப்பு நிகழ்ச்சி' என்று வரும். துறப்பது துறவி செய்வது. முப்பது நோன்பையும் பிடித்துவிட்டு யார் எதைத் துறந்தார்கள்? திறப்பு என்பது கொச்சை என்று நினைத்து யாரோ திருத்தியிருக்க வேண்டும்.

மருந்துக் கடைப் பையனிடம் தாளைக் காட்டிச் சொன்னேன். "கம்பெனியிலேர்ந்து அச்சாகி வந்தது பாய்" என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணித் தந்தான்.