ராகிக் காடு மனையாகும்போது மழைநீர் எங்கே போகும்?

கிருஷ்ணகிரிப் பக்கம் ராகியும் அவரையும் விளைந்த ஐந்து ஏக்கர் மேட்டு நிலம் மனைப்பிரிவாக மாறும்போது முதலில் காணாமல் போவது வரப்பு. ஜே.சி.பி. வந்த அன்றே அதைச் சமன் செய்துவிடும். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த மண்கரைதான் மழைநீரைச் சற்று நேரம் நிறுத்தி, மண்ணில் இறங்க அவகாசம் கொடுத்து, மிச்சத்தை மட்டும் ஓடைக்கு அனுப்பிவந்தது. அந்த வேலையை இனி யார் செய்வது? வடிகால் திட்டம் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். ஐந்து ஏக்கர் ஏறத்தாழ 20,200 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் பத்து லட்சம் லிட்டர். இதில் எத்தனை பங்கு மண்ணில் இறங்காமல் ஓடும் என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு ஓடுநீர்க் கெழு என்று பெயர். உழுத நிலத்துக்கு 0.25, சாலையும் கூரையும் சிமென்ட் முற்றமும் நிறைந்த குடியிருப்புக்கு 0.7 என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சம் லிட்டர் ஓடிய இடத்தில் இனி ஏழு லட்சம் லிட்டர் ஓடும். மழை கூடவே இல்லை. ஆனாலும் கூடுதலான நாலரை லட்சம் லிட்டர் பள்ளத்தில் குடியிருப்பவரின் வாசலுக்குப் போகிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

கெழு, மழையின் வேகம், பரப்பு மூன்றையும் பெருக்கினால் உச்ச ஓட்டம் கிடைக்கும்: இங்கே நொடிக்குச் சுமார் 200 லிட்டர். முன்பு அது 70 லிட்டர்தான். உண்மையில் இதுவும் குறைவான கணக்கு. சிறிய மனைப்பிரிவில் கடைசி மனையின் நீர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வடிகாலின் முனைக்கு வந்துவிடுவதால், அந்தப் பதினைந்து நிமிடத்தில் அடித்துப் பெய்யும் மழையின் வேகத்தை எடுத்துத்தான் அளவு போட வேண்டும். ஆண்டுச் சராசரி மழையைச் சொல்லி வடிகால் அகலத்தை நியாயப்படுத்துவது பொருந்தாது. சரிவும் முக்கியம். நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் செம்மண் படிந்து வடிகால் தூர்ந்துபோகும்.

இதெல்லாம் மனைக்குள் பெய்யும் மழையின் கணக்கு. மேலேயிருந்து வரும் நீர் வேறு. இங்கே ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை; மேல் ஏரி நிரம்பி வழிந்தால் (கோடி போனால்) உபரி நீர் ஓடை வழியே கீழ் ஏரிக்கு இறங்கும். ஆண்டில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும் அந்த ஓடையைக் குறுகிய குழாய்க்குள் அடைத்து மேலே சாலை போடுவதுதான் பெரிய ஆபத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றது. அப்படியொரு மழைக்கு எந்த மனைப்பிரிவின் வடிகாலும் போதாது. ஓடை தன் முழு அகலத்தில் திறந்திருக்க வேண்டும். எனவே ஓடையைச் சாலை கடக்கும் இடத்தில் கட்டும் சிறுபாலத்தின் அளவை மேலேயுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பு முழுவதையும் வைத்துக் கணக்கிட வேண்டும்.

கூடுதல் நாலரை லட்சம் லிட்டருக்கு வழி இருக்கிறது. இந்த அளவு மனைப்பிரிவில் சாலைகள் போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழக விதி. சாலைக்குக் கால் பங்கு போனால் இங்கே அது சுமார் 1,500 சதுர மீட்டர். அதில் 300 சதுர மீட்டரை ஒன்றரை மீட்டர் தாழ்த்தினால் அந்த நீர் முழுவதும் அங்கே நிற்கும். அடியில் சிறிய குழாய் வைத்து, பழைய 70 லிட்டர் வேகத்தில் மெல்ல வெளியேற்றலாம். மற்ற நாட்களில் அது பிள்ளைகள் விளையாடும் புல்வெளி. உறிஞ்சுகுழிகள் மட்டும் போதும் என்பவர்கள், இங்கே பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டுவதை மறந்துவிடுகிறார்கள்.

மனை வாங்கப் போகிறவர் சாலையோர வடிகாலின் சிமென்ட் பூச்சைப் பார்த்துத் திருப்தி அடையாமல், அது முடியும் இடம் வரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். வடிகாலின் அடிமட்டம் ஓடையின் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஓடை நிரம்பும்போது நீர் அதே வடிகால் வழியாகத் திரும்பித் தெருவுக்குள் வரும். இரண்டு மட்டங்களையும் வரைபடத்தில் குறித்துக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள்.