மூழ்கினாரா, போடப்பட்டாரா: டயாட்டம் சோதனை நடக்கும் விதம்

ஆற்றிலோ கிணற்றிலோ ஓர் உடல் கிடைத்தால் எழும் முதல் கேள்வி, உயிரோடு விழுந்தாரா, செத்த பிறகு கொண்டுவந்து போட்டார்களா என்பதுதான். உடல் அழுகிவிட்டால் நுரையீரலைப் பார்த்து மட்டும் இதைச் சொல்வது கஷ்டம். அப்போது டயாட்டத்தைத் தேடுவார்கள்.

டயாட்டம் என்பது ஏரி, ஆறு, கடல் எல்லாவற்றிலும் வாழும் ஒற்றைச் செல் பாசி. மூடி போட்ட டப்பா மாதிரி இரண்டு பாதிகள் பொருந்திய அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. மூழ்குபவர் மூச்சுத் திணறி இழுக்கும் தண்ணீர் நுரையீரலின் காற்றறைகளைத் தாண்டி ரத்தத்தில் கலக்கிறது. இதயம் இன்னும் துடிப்பதால் சின்னச் சின்ன டயாட்டங்கள் கல்லீரல், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேர்கின்றன. பிணத்தின் நுரையீரலுக்குள்ளும் தண்ணீர் புகும்தான், ஆனால் ரத்த ஓட்டமே இல்லாதபோது மஜ்ஜைக்கு எப்படிப் போகும்?

அதனால்தான் தொடை எலும்பை எடுக்கிறார்கள், நாலு பக்கமும் மூடிய இடம் அது. வெளிப்புறத்தை நன்றாகக் கழுவி, சுத்தமான ரம்பத்தால் அறுத்து, மஜ்ஜையைச் சுரண்டி, அடர் நைட்ரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்குவார்கள். செம்பழுப்புப் புகை கிளம்பும், நச்சுப் புகை என்பதால் புகைபோக்கி அறைக்குள்தான் இந்த வேலை. சதை கரைந்துபோகும், சிலிக்கா ஓட்டை நைட்ரிக் அமிலம் தொடாது. மஜ்ஜையில் கொழுப்பு அதிகம், அது லேசில் கரையாது, பொறுமை வேண்டும். அப்புறம் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் அமிலத்தை எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீர் ஊற்றி மறுபடி சுழற்றி, அமிலம் போகும்வரை இதையே செய்து, அடியில் தங்கியதை ஸ்லைடில் சொட்டிக் காயவைப்பார்கள். ஓடு கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால், ஒளியை அதிகம் வளைக்கும் பிசின் வைத்து மூடினால்தான் அதன் நுண்வரிகள் மைக்ராஸ்கோப்பில் தெரியும்.

அமிலம் ஆபத்து, மெல்லிய ஓடுகளை உடைத்தும்விடும். அதனால் சில ஆய்வகங்களில் புரோட்டினேஸ் கே என்ற நொதியை ஊற்றி 50 டிகிரி செல்சியஸ் அளவில் இரவு முழுக்க வைத்துச் சதையைக் கரைக்கிறார்கள்.

எந்த முறையானாலும் என் பார்வையில் உயிர்நாடி ஒன்றுதான்: வெளியிலிருந்து ஒரு டயாட்டம்கூட உள்ளே வரக் கூடாது. குழாய்த் தண்ணீரிலேயே டயாட்டம் இருக்கும், அதில் கழுவிய ஒரு கத்தி போதும், முடிவே மாறிவிடும். ஆகவே மஜ்ஜை இல்லாமல் வெறும் அமிலத்தையும் நீரையும் வைத்து அதே வேலையை முழுசாகச் செய்து பார்க்க வேண்டும். அந்த வெற்று மாதிரியில் டயாட்டம் தென்பட்டால் சோதனை செல்லாது. இதைச் செய்யாத அறிக்கையை நம்பி ஒருவரைக் கொலைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்வது பெரிய அநியாயம்.

சரி, டயாட்டம் கிடைக்கவில்லை என்றால் மூழ்கவில்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் மூழ்கி இறந்த 771 பேரின் வழக்குகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வில், நன்னீரில் மூழ்கியவர்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேருக்குத்தான் சோதனை பலன் தந்தது. தண்ணீரிலேயே டயாட்டம் குறைவாக இருந்திருக்கலாம், இதயம் சட்டென்று நின்றிருக்கலாம். கிடைத்தாலும், உடல் கிடந்த இடத்துத் தண்ணீரையும் எடுத்துவந்து இரண்டிலும் அதே இனங்கள் இருக்கின்றனவா என்று ஒப்பிட்ட பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.